பௌல் ஆட்டங்களுக்கு முந்தைய ஒரு வாரம்: கல்லூரி அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர்வோருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. புதிதாக வருபவர் இந்த விளையாட்டின் உயிர்நாடியைப் பிடிக்க விரும்பினால், டிசம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டிய ஒரே ஒரு வாரத்தை முழுமையாகப் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் அந்த வாரத்தில்தான் நடக்கின்றன. எந்த அணி எந்த பௌல் ஆட்டத்துக்கு (பருவம் முடிந்த பின் நடக்கும் சிறப்பு ஆட்டத்துக்கு) செல்லும் என்பதும் அதே வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையில்தான் தீர்மானமாகிறது. 2023 நவம்பர் 27 முதல் டிசம்பர் 4 வரையிலான நாட்களை மாதிரியாக வைத்து, ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு அந்த வாரத்தை எப்படிப் படிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் நான்கு அணிகளுக்கு மட்டுமே இடம் இருந்த கடைசி ஆண்டு அது என்பதால், ஒவ்வொரு வெற்றியின் எடையும் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

தொடங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்து கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியையும் டவுன் என்பார்கள். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் அது டச் டவுன்: ஆறு புள்ளிகளும், அதன் பின் கூடுதலாக ஒன்றோ இரண்டோ பெறும் வாய்ப்பும். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்ட் கோல்: மூன்று புள்ளிகள். அணியின் தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்.

கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டணி. 2023 இல் எஸ்.இ.சி., பிக் டென், பிக் ட்வெல்வ், ஏ.சி.சி., பேக் ட்வெல்வ் ஆகிய ஐந்தும் பெரியவை. நோட்டர் டேம் போல எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனித்து நிற்கும் அணிகளும் உண்டு. முதல்நிலைப் பிரிவில் அந்த ஆண்டு 133 அணிகள் இருந்தன. பருவத்தில் ஒவ்வொன்றும் பொதுவாகப் பன்னிரண்டு ஆட்டங்களே ஆடும் என்பதால், எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதுவது இயலாத காரியம். பட்டியலைப் பார்த்ததும் முதலிடம் யாருக்கு என்று சொல்லிவிடக்கூடிய கிரிக்கெட் லீக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இந்த விளக்கத்தில் வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பௌல் என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் 1902 இல் முதன்முதலாகவும், 1916 முதல் ஆண்டுதோறும், பருவம் முடிந்த பின் ஒரு சிறப்பு ஆட்டம் நடந்தது. அதற்காக 1922 இல் கட்டப்பட்ட, கிண்ணம் போன்ற வடிவமுள்ள அரங்கத்துக்கு ரோஸ் பௌல் என்று பெயரிட்டனர். பிற ஊர்கள் தாங்கள் தொடங்கிய ஆட்டங்களுக்கும் அந்தப் பின்னொட்டையே எடுத்துக்கொண்டன.

முதல் படி (திங்கள்): ஆறு வெற்றிகளை எண்ணுங்கள்

பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற ஓர் அணி ஆறு வெற்றிகளாவது பெற்றிருக்க வேண்டும். 2023 இல் 41 பௌல் ஆட்டங்கள், அதாவது 82 இடங்கள் இருந்தன. ஆனால் முறையாகத் தகுதி பெற்றவை 79 அணிகளே. மீதி மூன்று இடங்களில் இரண்டு, கீழ்நிலைப் பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்ததால் விதிப்படி காத்திருக்க வேண்டியிருந்த ஜேம்ஸ் மேடிசனுக்கும் ஜாக்சன்வில் ஸ்டேட்டுக்கும் போயின. மூன்றாவது இடம் ஐந்தே வெற்றிகள் பெற்றிருந்த மினசோட்டாவுக்குக் கிடைத்தது. அதன் மாணவர்கள் படிப்பில் காட்டிய முன்னேற்றத்துக்கான மதிப்பெண்ணே அதற்குக் காரணம். பதினொரு ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்ற ஜேம்ஸ் மேடிசன், வேறு அணிகள் போதாமல் போனதால்தான் உள்ளே வர முடிந்தது என்பதை நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றிகளின் எண்ணிக்கை மட்டுமே இங்கு எதையும் முடிவு செய்வதில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

இரண்டாம் படி (செவ்வாய்): தரவரிசையைக் கையால் எழுதுங்கள்

தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் யார் ஆடுவது என்பதை 2014 ஆம் ஆண்டுப் பருவம் முதல் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு முடிவு செய்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரில் கூடும் இக்குழு, பருவத்தின் பிற்பகுதியில் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை இரவு முதல் 25 இடங்களை வெளியிடுகிறது. 2023 நவம்பர் 28 அன்று வந்த வரிசையின் முதல் எட்டு இடங்கள் இவை: ஜார்ஜியா, மிச்சிகன், வாஷிங்டன், ஃபுளோரிடா ஸ்டேட், ஒரெகன், ஒஹையோ ஸ்டேட், டெக்சஸ், அலபாமா.

இதைத் திரையிலிருந்து படியெடுத்து ஒட்டாமல், கையால் எழுதுவது நல்லது. எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரங்களைச் சேருங்கள்: எத்தனை தோல்விகள், யாரிடம் தோற்றது, வரும் சனிக்கிழமை யாருடன் ஆடுகிறது. அப்படி எழுதினால் ஒஹையோ ஸ்டேட்டுக்கு நேரே மூன்றாவது விவரம் காலியாக இருப்பதைக் காண்பீர்கள். நவம்பர் 25 அன்று ஆன் ஆர்பரில் மிச்சிகனிடம் 30–24 என்று தோற்றதால் அதற்குக் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் கிடைக்கவில்லை. இனி அந்த அணியின் கதி முழுவதும் பிறர் ஆடும் ஆட்டங்களில் இருக்கிறது.

மூன்றாம் படி (புதன்): யார் யாரை வென்றார் என்று கோடு இழுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதற்குத்தான். வென்ற அணியிலிருந்து தோற்ற அணியை நோக்கி ஓர் அம்புக்குறி இடுங்கள். செப்டம்பர் 9 அன்று டஸ்கலூசாவில், அலபாமாவின் சொந்த அரங்கத்தில், டெக்சஸ் 34–24 என்று வென்றது. எனவே டெக்சஸிலிருந்து அலபாமாவுக்கு ஓர் அம்பு. அக்டோபர் 14 அன்று சியாட்டிலில் வாஷிங்டன் 36–33 என்று ஒரெகனை வென்றது. அதற்கும் ஓர் அம்பு. டெக்சஸின் ஒரே தோல்வி அக்டோபர் 7 அன்று ஓக்லஹோமாவிடம் 34–30 என்ற கணக்கில் வந்தது.

இப்போது உங்கள் பக்கத்தைப் பாருங்கள். அலபாமா எட்டாம் இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை அது சந்திக்கப்போவது முதலிடத்திலுள்ள ஜார்ஜியாவை. அலபாமா வென்றால் அதை மேலே தூக்காமல் இருக்க முடியாது. அலபாமாவைத் தூக்கினால், அதை வென்ற டெக்சஸை அதற்குக் கீழே வைப்பதும் கடினம். செப்டம்பரில் நடந்த ஓர் ஆட்டம் டிசம்பரின் கணக்கை இப்படி இறுக்கிப் பிடித்திருப்பதை அம்புக்குறிகள் இல்லாமல் காண்பது எளிதல்ல.

அலபாமா இந்தக் கணக்கில் இருப்பதே ஒரு நொடியின் விளைவு என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பர் 25 அன்று ஆபர்னுக்கு எதிராகப் பின்தங்கியிருந்த நிலையில், நான்காவது டவுனில் எல்லைக் கோடு 31 கஜம் தள்ளி இருந்தது. குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ எறிந்த பந்தை ஐசையா பாண்ட் எல்லைக்குள் பிடித்தபோது ஆட்டத்தில் 32 நொடிகளே மிச்சம். அலபாமா 27–24 என்று வென்றது. அந்தப் பந்து தரையில் விழுந்திருந்தால், அடுத்த வாரம் முழுவதும் வேறொன்றாக இருந்திருக்கும்.

நான்காம் படி (வியாழன்): ‘இப்படி நடந்தால்’ வரிகளை எழுதுங்கள்

ஒவ்வோர் இறுதி ஆட்டத்துக்கும் இரண்டு வரிகள் போதும். ‘ஜார்ஜியா வென்றால் முதலிடம் மாறாது, அலபாமா வெளியே’; ‘அலபாமா வென்றால் டெக்சஸின் கோரிக்கை வலுக்கும்’ என்பது போல எழுதிக்கொள்ளுங்கள். குழு பார்க்கும் அளவுகோல்களையும் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள்: எதிரணிகளின் வலிமை, கான்ஃபரன்ஸ் பட்டம், நேருக்கு நேர் முடிவு, பொது எதிரணிகளிடம் பெற்ற முடிவுகள். இவற்றோடு, முக்கிய ஆட்டக்காரரின் காயம் இனி வரும் ஆட்டங்களைப் பாதிக்குமா என்பதையும் கருதலாம் என்று விதியில் இடம் உண்டு. அந்தக் கடைசி வரியை அடிக்கோடிடுங்கள். ஃபுளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று காலில் காயமடைந்து பருவத்தை இழந்திருந்தார்.

ஐந்தாம் படி (வெள்ளி, சனி): ஆட்டங்களைப் பாருங்கள்

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். டிசம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு பத்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். அங்கே நண்பகலில் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 10.30க்கும், அங்கே இரவு 8 மணிக்குத் தொடங்குவது இங்கே மறுநாள் காலை 6.30க்கும் வரும். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். நீங்கள் எழுதிய வரிகளில் எந்த ஆட்டம் அதிக அம்புக்குறிகளை அசைக்கிறதோ அதை முழுமையாகப் பாருங்கள். மற்றவற்றின் முடிவை அறிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை லாஸ் வேகஸில் வாஷிங்டன் ஒரெகனை மீண்டும் வென்றது, 34–31. சனி நண்பகலில் ஆர்லிங்டனில் டெக்சஸ் ஓக்லஹோமா ஸ்டேட்டை 49–21 என்று எளிதாக வீழ்த்தியது. மாலையில் அட்லாண்டாவில் அலபாமா 27–24 என்று வென்று, தொடர்ந்து 29 ஆட்டங்களில் தோற்காதிருந்த ஜார்ஜியாவை நிறுத்தியது. இரவில் இண்டியானாபொலிஸில் மிச்சிகன் ஐயோவாவை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் 26–0 என்று வென்றது. அதே நேரத்தில் சார்லட்டில், முதல் குவார்ட்டர்பேக்கும் இரண்டாமவரும் இல்லாமல், முதலாண்டு மாணவர் பிராக் கிளெனைக் கொண்டு ஆடிய ஃபுளோரிடா ஸ்டேட், தன் தற்காப்பின் பலத்தால் லூயிவில்லை 16–6 என்று வென்று, பதின்மூன்று ஆட்டங்களிலும் தோல்வி காணாத அணியாக நின்றது.

ஆறாம் படி (ஞாயிறு): முதலில் உங்கள் முடிவு, பிறகு குழுவின் முடிவு

அறிவிப்பு கிழக்குக் கரை நேரப்படி ஞாயிறு நண்பகலில் வரத் தொடங்கும். அதற்கு முன் உங்கள் நான்கு பெயர்களை எழுதி முடித்துவிடுங்கள். வரிசையைப் பார்த்த பின் காரணம் தேடுவது எல்லோருக்கும் எளிது, கற்றுக்கொள்ள அது உதவாது.

2023 டிசம்பர் 3 அன்று குழு அறிவித்த நால்வர்: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணி பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அடிக்கோடிட்ட அந்தக் காய விதிதான் அந்த அணியைச் சாய்த்தது. விதியில் இடம் இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆயினும், இனி என்ன செய்யக்கூடும் என்ற ஊகத்தை, பதின்மூன்று முறை களத்தில் செய்து காட்டியதற்கு மேலே வைத்தது தவறு என்றே கருதுகிறேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். உங்கள் அம்புக்குறிகளைக் காட்டி வாதிட முடிந்தால் இந்தப் படி நிறைவேறிவிட்டது.

ஏழாம் படி (மறு திங்கள்): யார் ஆட மாட்டார்கள் என்று பாருங்கள்

மற்ற பௌல் ஆட்டங்களின் இணைகளும் ஞாயிறன்றே வெளியாகின்றன. அவற்றில் பல, குறிப்பிட்ட கான்ஃபரன்ஸ்களோடு பௌல் அமைப்புகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி அமைகின்றன. டிசம்பர் 4, திங்களன்று, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுப்பதற்கான பதிவு திறந்தது. தொழில்முறை லீக்கில் சேரவிருப்பவர்களும் காயத்துக்கு அஞ்சி விலகிக்கொள்வது உண்டு. இந்த விலகல்களைக் கணக்கில் கொள்ளாமல் பௌல் முடிவுகளைப் படித்தால் தவறான பொருளே கிடைக்கும். டிசம்பர் 30 அன்று ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்ற ஃபுளோரிடா ஸ்டேட், சார்லட்டில் வென்ற அணியில் பெரும் பகுதியை ஏற்கெனவே இழந்திருந்தது.

இன்றைய விதிகளுக்கு உங்கள் பக்கத்தை மாற்றுவது

2024 முதல் பிளேஆஃபில் பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன. 2024, 2025 பருவங்களில் தரவரிசையில் உயர்ந்து நின்ற ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. மீதி ஏழு இடங்களுக்குக் குழு தேர்ந்தெடுத்தது. ஐந்து முதல் எட்டு வரையிலான அணிகள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த அரங்கத்திலேயே நடத்துகின்றன. 2024 இல் முதல் நான்கு இடங்கள் சாம்பியன்களுக்கே ஒதுக்கப்பட்டதால், தரவரிசையில் பன்னிரண்டாவதாக இருந்த அரிசோனா ஸ்டேட் நான்காம் இடத்தைப் பெற்று முதல் சுற்று ஆடாமலேயே முன்னேறியது. 2025 இல் அந்த ஒதுக்கீட்டை நீக்கி, தரவரிசைப்படியே இடம் தந்தனர்.

ஆகவே உங்கள் நோட்டில் எட்டுக்குப் பதிலாகப் பதினாறு பெயர்களை எழுதுங்கள். ஒன்பது முதல் பதினான்கு வரையிலான இடங்களுக்கே அம்புக்குறிகளை அதிகம் இடுங்கள். 2024 டிசம்பர் 7 அன்று சார்லட்டில், கிளெம்சனின் நோலன் ஹவுசர் கடைசி நொடியில் 56 கஜத்திலிருந்து உதைத்த ஃபீல்ட் கோலால் எஸ்.எம்.யு. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) 34–31 என்று தோற்றது. இறுதி ஆட்டத்தில் தோற்ற எஸ்.எம்.யு. உள்ளே வரவேண்டுமா, மூன்று தோல்விகளோடு வீட்டில் அமர்ந்திருந்த அலபாமா வரவேண்டுமா என்பதே அந்த ஞாயிற்றுக்கிழமையின் கேள்வி. குழு எஸ்.எம்.யு.வை எடுத்துக்கொண்டது. முதல் பயிற்சியாக அந்த வாரத்தை எடுத்து, மூன்றாம் படியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.