டிகிரி முடித்தவளுக்கு இதெல்லாம் தெரியாதா?

பாம்பன் பக்கம் ஒரு கல்யாண வீடு. புதுப்பெண்ணுக்குத் தாம்பத்தியத்தைப் பற்றி யாராவது எதையாவது சொல்லிக்கொடுத்தீர்களா என்று ஒரு அத்தை மெதுவாகக் கேட்டார். "அவ டிகிரி முடிச்சவ, அவளுக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டு எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். முதல் தவறே அதுதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று டீச்சர் தாண்டிப்போன வகுப்பிலிருந்து வந்தவள்தானே அவளும்.

படிப்பு உதவாது என்று சொல்லவில்லை. கல்யாண வயது தள்ளிப்போகிறது, மாத்திரை அட்டையைத் தானே படிக்க முடிகிறது, டாக்டரிடம் வாய் திறக்கக் கூச்சம் குறைகிறது, கையில் நாலு காசு இருந்தால் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகவும் முடிகிறது. ஆனால் உடம்பைப் பற்றிய அறிவு சான்றிதழோடு சேர்ந்து வந்துவிடாது.

வெள்ளைப்படுதலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசி எடுக்கப் போகிற அக்காமார் மணிக்கணக்கில் கடல் தண்ணீரில் நின்றுவிட்டு ஈரத்துணியோடேயே வீடு வருவார்கள், அரிப்பு வந்தால் "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துவிட்டு மறுநாளும் கடலுக்கு. படித்தவள் செய்வது வேறு மாதிரி: மெடிக்கலில் வாசனைத் திரவம் வாங்கி உள்ளே வரைக்கும் கழுவுகிறாள், காவலாக இருக்கிற நல்ல கிருமிகளும் அதோடு போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் நாற்றமில்லாமல், தெளிவாக, வழவழவென்று படுவது இயல்பு. தயிர்த்திப்பி போலவோ, நாற்றத்தோடோ, எரிச்சலோடோ வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பாலியல் தொற்று என்று சொன்னால் கணவனும் மருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது திரும்ப வரும்.

உறவின்போது வலித்தால் "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். தொடர்ந்து வலிக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: வறட்சி, தொற்று, பயம், சில சமயம் கருப்பைக் கோளாறு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வைத்தியம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. மனைவி மேல் நடக்கும் பாலியல் கொடுமையை 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181-க்கு போன் போடலாம்.

கருக்கலைப்புக்குக் கணவன் கையெழுத்து கட்டாயம் என்று நம்புவது இன்னொரு தவறு, அதுவும் நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். 18 வயது தாண்டிய பெண்ணுக்கு, சட்டம் அனுமதிக்கும் காரணங்களில், அவள் சம்மதம் போதும். இன்னொன்று, 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்தான், சில நிமிட வேலை.

அப்புறம், ஆண் என்ன படித்தான், இதிலெல்லாம் அவனுக்கு என்ன தெரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சவுதியிலிருந்து லீவில் வருகிறவன் ஆணுறை வாங்கக் கூச்சப்படுவான், கருத்தடை ஆபரேஷன் என்றால் மனைவியைக் கைகாட்டுவான். ஆணுக்கு அது தையல்கூட இல்லாத சின்ன சிகிச்சை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கள் தெருவில் யார் செய்துகொண்டார்கள் என்று ஒருமுறை கேட்டேன். பேச்சு உடனே நண்டு விலைக்குப் போய்விட்டது.