லேடீஸ் வாட்ச்: டயல் மேலே இருந்தால் ஓடும், கவிழ்த்தால் நிற்கும்

5½ லைன், அதாவது சுமார் 12.4 மி.மீ. அகல சுவிஸ் சாவி மெஷின். முழுச் சாவி கொடுத்தும் இந்தத் தகராறு ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் மெயின்ஸ்பிரிங்கை (சாவி கொடுத்தால் இறுகும் சுருள்) குறை சொல்லாதீர்கள். கவிழ்த்து வைக்கும்போது பேலன்ஸின் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) எடை டயல் பக்க மூடிக்கல்லில் (அச்சு நுனியைத் தாங்கும் கல்) உட்காரும், கோளாறு அங்கேதான்.

கிளிக்கை (சாவி திரும்பாமல் தடுக்கும் கொக்கி) விலக்கி, கிரவுனை விரலில் பிடித்தபடி சாவியை மெல்ல இறக்கிவிட்டுத்தான் பேலன்ஸைக் கழற்றினேன். 10 மடங்கு ஐகிளாஸில் பிவட் (அச்சின் மெல்லிய நுனி) நேராகவே இருந்தது. மூடிக்கல்லின் நடுவில் பழைய எண்ணெய் பழுப்புப் பிசினாகக் காய்ந்து, வளையம் போட்டிருந்தது. பென்சைன் என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் கழுவி, கூராக்கிய மரக்குச்சியைத் துளைக்கல்லில் (பிவட் நுழையும் கல்) சுழற்றினேன், நுனி அழுக்கில்லாமல் வரும்வரை. பேலட் ஃபோர்க்கை (பேலன்ஸைத் தள்ளிவிடும் கவை) மட்டும் ஸ்பிரிட்டில் போடவே கூடாது: அதன் கற்கள் ஷெல்லாக் அரக்கில் ஒட்டியவை, கரைந்து நகர்ந்துவிடும்.

மூடிக்கல்லில் மோபியஸ் 9010 மெல்லிய எண்ணெய் ஒரே துளி, கல்லின் விட்டத்தில் பாதிக்குச் சற்று மேல். அதிகமானால் ஓரத்துக்கு ஓடி, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. பேரல் ஆர்பருக்கு (மெயின்ஸ்பிரிங் டப்பாவின் அச்சு) கெட்டி எண்ணெய், பேலட் கற்களுக்கு 9415 கிரீஸ். பேலட் பிவட்டுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். சின்ன மெஷினில் அதுவே வேகத்தைத் தின்றுவிடும்.

இப்போது இரு பக்கமும் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் நடுவிலிருந்து ஒரு பக்கம் சுழலும் கோணம்) 250 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நாளுக்கு 30 நொடி முன்பின் போனால், இந்த அளவு பேலன்ஸுக்கு அது போதும். ரெகுலேட்டரை (வேகத்தைத் திருத்தும் முள்) மேலும் நோண்ட வேண்டியதில்லை.