அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

இயற்பியல் பயிலரங்குக்குப் பையில் என்ன எடுத்துப் போவது என்று பள்ளியில் பலர் கேட்கிறார்கள். போன மே மாதம், பிளஸ் ஒன் முடித்த கையோடு, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தவள் நான். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, நீல மைப் பேனா இரண்டு, ஸ்கேல், விரல்களை மூடும் செருப்பு. இவை போதும். பென்சிலும் அழிப்பானும் வேண்டாம். தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள், அடியில் இருப்பது படிக்க வர வேண்டும். அந்த வாரம் முழுவதிலும் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான்.

நம் பழக்கம் உங்களுக்கே தெரியும். ரெக்கார்டு நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு, அளவீடுகளைப் பின்னாலிருந்து வரவழைப்போம். முதல் நாள், நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் தனி ஊசலில் நானும் அதைத்தான் செய்தேன். நூல் 50 சென்டிமீட்டர். இருபது அலைவுக்கு மூன்று முறை நேரம் எடுத்தேன்: 29.02, 29.11, 29.04 விநாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.35 வந்தது. புத்தகத்தில் 9.8 என்றுதானே இருக்கிறது? நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதி 9.8 ஆக்கிவிட்டேன். எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்ட கல்லூரி அக்கா திட்டவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்த நூலை எங்கிருந்து எங்கே அளந்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

முடிச்சு வரைக்கும் அளந்திருந்தேன். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை போக வேண்டும். கொக்கி ஒரு சென்டிமீட்டர், குண்டின் ஆரம் ஒன்றேகால். சரியான நீளம் 52.25. நான் அடித்துப்போட்ட பழைய நேரங்களையே வைத்துப் போட்டால் 9.77 வருகிறது. நேரத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஒழுங்காக இருந்த எண்ணை மாற்றிவிட்டு, தவறாக இருந்ததை அப்படியே விட்டிருக்கிறேன். அதைவிட வேடிக்கை, நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் உண்மையான மதிப்பே ஏறத்தாழ 9.78தான். ஆனால் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றும் அக்கா காட்டிவிட்டார். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர், கை தாமதத்தில் விநாடியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்தாலே என் விடை ஐந்து நூறில் மேலே கீழே ஆடும். 9.81ஐயும் அது விலக்காது. விடையோடு அந்த ஆட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊசலுக்கு வேறு சில கைப்பக்குவங்கள். நான்கு விரற்கடைக்கு மேல் இழுக்காதீர்கள், கோணம் பெரிதானால் சூத்திரம் பொருந்தாது. கடிகாரத்தை ஓரத்தில் அல்ல, குண்டு நடுவைக் கடக்கும்போது தட்டுங்கள். ஓரத்தில் அது தயங்கி நிற்பதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எளிது. தட்டும்போது "ஒன்று" என்று சொல்லிவிட்டால் ஓர் அலைவு காணாமல் போய்விடும். "பூஜ்யம்" என்று தொடங்குங்கள்.

செவ்வாய்க்கிழமை சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பிகளை இணைப்பது. ஈயத்தைக் கம்பியில் வைத்து உருக்காமல், சூடுகோலின் முனையால் இணைப்பைச் சூடாக்கிவிட்டு ஈயத்தை அதில் தொடுங்கள். புகையை ஊதி விரட்டுங்கள், குனிந்து மோந்து பார்க்க வேண்டாம். எனக்கு ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். புதன்கிழமை செப்புக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக இறங்குவதைக் காட்டினார்கள். எல்லாரும் கைதட்டினோம், நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு நாள் வேண்டும்.

வியாழக்கிழமைக்குத் தலைமுடி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சின்னச் சதுர ஓட்டை வெட்டி, முடியை நெட்டுக்குத்தாக இழுத்து ஒட்டினோம். அதன் மேல் சிவப்பு லேசர் ஒளி பட்டால், எதிர்ச்சுவரில் இருபுறமும் வெளிச்சமும் இருளுமாகப் புள்ளிகள் நீளும். ஒளி விளிம்பில் வளைந்து பரவும் இதுதான் விளிம்பு விளைவு. லேசரைத் தாங்கியில் இறுக்கிவிடுங்கள். கண் மட்டத்தில் வைக்காதீர்கள். வளையலையும் கடிகாரத்தையும் கழற்றுங்கள், ஒளி அவற்றில் பட்டுத் தெறிக்கும்.

ஒவ்வோர் இடைவெளியாக அளந்தால் குறிக்கும் கோட்டின் தடிமனே பிழையாகிவிடும். இடப்பக்க ஐந்தாவது இருளிலிருந்து வலப்பக்க ஐந்தாவது இருள் வரை ஒரே மூச்சில் அளந்து பத்தால் வகுங்கள். நடுவில் உள்ள பெரிய வெளிச்சம் இரண்டு இடைவெளிக்குச் சமம் என்பதால் கணக்கு சரியாகவே வரும். எனக்கு 25.3 சென்டிமீட்டர், அதாவது இடைவெளி 2.53. லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று அதன் மேலேயே ஒட்டியிருந்தது, சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தது. அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன்: 0.077 மில்லிமீட்டர். என் கூட்டாளியின் முடிக்கு 31 சென்டிமீட்டர் வந்தது. புள்ளிகள் அகலமாகப் பரவினால் முடி மெல்லியது. அவளுடையது 0.063.

பிறகு, மெல்லிய பொருளின் தடிமனை அளக்கும் திருகு அளவியால் சரிபார்த்தோம். முதலில் வெறுமனே மூடி, அப்போதே அது காட்டும் அளவை, அதாவது சுழிப்பிழையை எழுதுங்கள். முனையில் உள்ள பல்சக்கரத் திருகை மட்டும் திருப்பி, 'கட கட' என்றதும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முடி நசுங்கும். 0.08, 0.06 என்று வந்தது. அதன் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர், அதற்கு மேல் அதனிடம் கேட்கவும் முடியாது. அங்கே எல்லாரும் 'லீஸ்ட் கவுண்ட்' என்பார்கள். தமிழ் வழியில் படிப்பவர்கள் மிரள வேண்டாம், முதல் நாளே இரண்டு சொற்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் மூன்றாம் நாள் பழகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஊசலை மறுபடி ஒருமுறை கட்டிப் பாருங்கள். நீளமான நூலாக இருந்தால்தான் 9.78ஐயும் 9.81ஐயும் பிரிக்க முடியும். நான் மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து மூன்று மீட்டருக்குத் தொங்கவிட்டேன். பட்டறையில் கிடைத்த பெரிய பேரிங் குண்டைத் துணியில் முடிந்துகொண்டேன். ஓர் அலைவுக்கு ஏறக்குறைய மூன்றரை விநாடி, நூறு அலைவு என்றால் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தம்பியை எண்ண உட்கார வைத்தேன். எண்பத்தேழில் கோட்டை விட்டுவிட்டான். அந்த வரிசையையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணச் சொன்னேன்.