கம்பியில்லா மின்கடத்தல்: சுருள் சுற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஆசையோடு எடுக்கும் தலைப்புகளில் ஒத்ததிர்வு முறைக் (அனுப்பும் சுருளையும் பெறும் சுருளையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைக்கும் முறை) கம்பியில்லா மின்கடத்தலும் ஒன்று. இரண்டு செம்புச் சுருள்கள், இரண்டு மின்தேக்கிகள், மாறுமின்னோட்டம் தரும் ஓர் அலைவுச் சுற்று, மறுமுனையில் ஒரு விளக்கு என்று பார்வைக்கு எளிதாக இருப்பதாலேயே இதில் பிழைகள் மலிந்துவிடுகின்றன. இத்தகைய மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளையே இங்கே எழுதுகிறேன்.

ஒத்ததிர்வு இருந்தால் தொலைவு ஒரு பொருட்டல்ல என்று நம்புவதுதான் எல்லாவற்றுக்கும் வேரான தவறு. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மரின் சோல்யாசிச் குழுவினர் 2 மீட்டர் தொலைவிலிருந்த 60 வாட் விளக்கை எரித்துக் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய சுருள்களின் விட்டம் 60 சென்டிமீட்டர், அதிர்வெண் ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸ், தரக்காரணி (சுருளில் ஆற்றல் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதைக் காட்டும் எண்) ஆயிரத்தை நெருங்கியது. அத்தனை இருந்தும் சுருள்களுக்கிடையே கிடைத்த திறன், அதாவது கொடுத்த ஆற்றலில் மறுபுறம் போய்ச் சேர்ந்த பங்கு, 40 விழுக்காட்டளவுதான். பத்து சென்டிமீட்டர்ச் சுருளை வைத்துக்கொண்டு அதே 2 மீட்டரை எதிர்பார்ப்பது நியாயமாகாது. தொலைவைச் சுருளின் விட்டத்தோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். விட்டத்தை வெகுவாகத் தாண்டிய பிறகு, தொலைவு இரு மடங்கானால் சுருள்களுக்கிடையிலான பிணைப்பு (ஒன்றின் காந்தப்புலம் மற்றதை எட்டும் அளவு) ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அப்படியானால் ஒத்ததிர்வு என்னதான் செய்கிறது? எங்கள் கடலோர ஊர்களில் தேவாலயக் கோபுரத்துப் பெரிய மணியை ஒரே இழுப்பில் ஒலிக்கச் செய்துவிட முடியாது. அதன் ஆட்டத்துக்கு இசைந்து கயிற்றை இழுக்க இழுக்க, ஒவ்வோர் இழுப்பும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்து மணி அசைந்து கொடுக்கிறது. ஆனால் அச்சில் துரு ஏறியிருந்தால், எவ்வளவு தாளம் பிசகாமல் இழுத்தாலும் உழைப்பெல்லாம் உராய்விலேயே கரைந்துபோகும். அந்தத் துரு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வதே தரக்காரணி. பிணைப்பு எண் 0.1 ஆக உள்ள இரு சுருள்களுக்கும் தரக்காரணி 100 இருந்தால், அவற்றுக்கிடையே அதிகபட்சமாக 82 விழுக்காடு திறன் கிடைக்கலாம். அதே சுருள்களின் தரக்காரணி 10 ஆக இருந்தால் 17 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது. அலைவுச் சுற்றின் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதை விட, இந்த எண்ணை உயர்த்தப் பாடுபடுவதே பலன் தரும்.

தரக்காரணி பெரும்பாலும் கம்பியிலேயே தொலைந்துபோகிறது. 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே நெருக்கியடித்து ஓடுவதால், மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய தடித்த ஒற்றைக் கம்பியின் உட்பகுதி அநேகமாக வீணே. தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த லிட்ஸ் கம்பியே இதற்கு ஏற்றது. இரு முனைகளிலும் எல்லா இழைகளின் எனாமலையும் நீக்கிப் பற்றவைக்க மறந்தால் அதுவும் பயன் தராது. குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் பற்றவைத்த இடத்துக்கு வார்னிஷ் பூசிவிடுவதும் நல்லது, ஏனெனில் உப்புக்காற்று பட்ட இணைப்பில் மின்தடை நாளடைவில் ஏறிவிடும்.

மின்தேக்கியைத் தேர்வதில் இன்னொரு தவறு நேர்கிறது. 24 மைக்ரோஹென்றி சுருளுக்கு 100 நானோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 103 கிலோஹெர்ட்ஸ். மின்வழங்கி 12 வோல்ட்தானே என்று 50 வோல்ட் மின்தேக்கியைப் போடுகிறார்கள். ஆனால் சுருளில் 5 ஆம்பியர் ஓடும்போது அந்த மின்தேக்கியின் முனைகளுக்கிடையே சராசரி இருமடி மூல (ஆர்எம்எஸ்) மதிப்பில் 77 வோல்ட்டும், உச்சத்தில் 109 வோல்ட்டும் தோன்றும். மலிவான பீங்கான் வில்லை மின்தேக்கிகள் இங்கே சூடாகி மதிப்பும் மாறுவதால் இசைவு கலைந்துவிடும். தகுந்த மின்னழுத்தம் தாங்கும் பாலிபுரோப்பிலீன் மின்தேக்கிகளையே பயன்படுத்துங்கள்.

தக்கலைப் பக்கத்து மாணவர் ஒருவர் வீட்டு மரமேசையில் அருமையாக வேலை செய்த கருவியைக் கண்காட்சிக்குக் கொண்டு போனபோது, அங்கே அதை இரும்பு மேசையில் வைக்கச் சொன்னார்கள். விளக்கு மங்கலாகக்கூட எரியவில்லை. மேசைத் தகடு மட்டும் சூடேறிக்கொண்டிருந்தது. காந்தப்புலம் தகட்டில் சுழல் மின்னோட்டங்களை எழுப்பி ஆற்றலைத் தின்றதோடு, சுருளின் மின்தூண்டல் எண்ணையும் மாற்றி இசைவைக் குலைத்துவிட்டது. சுருளுக்கு அடியில், காந்தப்புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும் ஃபெரைட் தகடு வைப்பது இதற்குத் தீர்வு. அந்தத் தகட்டை வைத்த பிறகு மின்தூண்டல் எண் கூடிவிடும் என்பதால், கருவி எங்கே இயங்கப் போகிறதோ அதே அமைப்பில் வைத்து மறுபடியும் இசைவு செய்ய வேண்டும்.

சுருள்களை மிக நெருக்கமாகக் கொண்டுவந்தபோது மின்திறன் குறைந்தால், சுற்று பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பிணைப்பு வலுக்கும்போது ஒரே ஒத்ததிர்வு இரண்டாகப் பிரிகிறது. 100 கிலோஹெர்ட்ஸுக்கு இசைத்த இரு சுருள்களின் பிணைப்பு எண் 0.2 ஆனால், மின்திறன் உச்சங்கள் ஏறத்தாழ 91, 112 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். நடுவில் நின்று 100 கிலோஹெர்ட்ஸையே ஊட்டிக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் நிற்போம்.

பெறும் பக்கத்தில் கையில் கிடைத்த 1N4007 டையோடுகளைக் கொண்டு அலைதிருத்தி (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் சுற்று) அமைப்பது பரவலான பழக்கம். 50 ஹெர்ட்ஸுக்காக வந்த அந்த டையோடு 100 கிலோஹெர்ட்ஸில் உரிய நேரத்தில் அணையாமல் சூடாகும். விரைவாக அணையும் ஷாட்கி டையோடைப் பயன்படுத்துங்கள். மின்பளுவைக் கழற்றினால் வெளியீட்டு மின்னழுத்தம் எகிறக்கூடும் என்பதால், கட்டுப்படுத்தும் சுற்று இல்லாமல் கைப்பேசியை இணைக்கவே கூடாது. இருபுறமும் மின்தேக்கியைத் தொடராக இணைத்த அமைப்பில், பெறும் சுருளை அப்புறப்படுத்தினால் அனுப்பும் சுருளில் மின்னோட்டம் ஆபத்தான அளவுக்கு ஏறும். உருகியோ மின்னோட்ட வரம்போ இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களைக் கருவியை விட்டு விலகியிருக்கச் சொல்லுங்கள்.

எல்இடி எரிந்ததுமே வெற்றி என்று அறிக்கை எழுதிவிடுவது கடைசித் தவறு. 3 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் எடுக்கும் எல்இடிக்கு 0.06 வாட் போதும். மின்வழங்கியிலிருந்து 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால், கருவியின் திறன் அரை விழுக்காடு. எல்இடியை எடுத்துவிட்டுத் தகுந்த மின்தடையை மின்பளுவாக வையுங்கள். அலைதிருத்திக்குப் பின் நேர்மின்னோட்டமாகவும் மின்வழங்கிக்கு அருகிலும் மின்திறனை அளந்து, ஒவ்வொரு சென்டிமீட்டர் தொலைவுக்கும் கிடைத்த எண்ணை அப்படியே பதிவு செய்யுங்கள்.