டிஸ்க் இமேஜுக்குப் பார்ட்டிஷன் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி லேப், நாற்பது மெஷின். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி லினக்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்தால் வேலை முடியாது. ஒரே ஒரு இமேஜ் ஃபைல் (ஒரு முழு டிஸ்க்கின் பிரதி) செய்து எல்லாவற்றிலும் எழுதிவிடலாம். அதில் புதியவர்கள் திணறும் இடம் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது. இங்கே அதைத்தான் பார்க்கப் போகிறோம். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தீர்மானம். டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளை கேள்வி கேட்கும், நாம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களை வரிசையாக எழுதி பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும் வழி) தள்ளிவிடும் வழக்கம் நிறைய பேரிடம் உண்டு. வேண்டாம். டிஸ்க்கில் பழைய தடயம் ஏதாவது இருந்து கூடுதலாக ஒரு கேள்வி வந்துவிட்டால், அடுத்த பதில்கள் எல்லாம் இடம் மாறிப் போய் விழும். எஃப்டிஸ்க்கின் உறவுக்கார கட்டளையான எஸ்எஃப்டிஸ்க் ஸ்கிரிப்டுக்கென்றே இருப்பது. என்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால் போதும், கேள்வியே இல்லை.

படி 1: காலி இமேஜ். ட்ரங்கேட் கட்டளையில் -எஸ் 8ஜி என்று கொடுங்கள். 8 ஜிபி அளவில் ஃபைல் வந்துவிடும். ஆனால் உள்ளே எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும். நிஜ டிஸ்க்கைத் தொடாமல் இதிலேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் பழகலாம்.

படி 2: வரைபடம். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் மூன்றே வரி:

லேபிள்: ஜிபிடி
சைஸ்=512எம்ஐபி, டைப்=யு, நேம்=ஈஎஃப்ஐ
டைப்=எல், நேம்=ரூட்

ஜிபிடி என்பது பார்ட்டிஷன் அட்டவணையின் வகை. யு என்றால் பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், எல் என்றால் லினக்ஸ். கடைசி வரியில் சைஸ் இல்லாததால் மிச்ச இடம் முழுக்க அதற்குப் போகும். அளவில் எம்ஐபியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் 512 என்றால் 512 செக்டர் (ஒவ்வொன்றும் 512 பைட் துண்டு) என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 256 கேபி! தொடக்க இடத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2048ஆவது செக்டரில், 1 எம்பி தள்ளி அதுவே ஆரம்பிக்கும்.

இந்த ஃபைலை எஸ்எஃப்டிஸ்க்குக்கு உள்ளீடாகக் கொடுங்கள். இதுவரை ரூட் (நிர்வாகி) அனுமதிகூடத் தேவையில்லை.

படி 3: லூப் டிவைஸ். இமேஜ் ஃபைலை டிஸ்க் போலக் காட்ட லோசெட்டப் கட்டளை. இதற்கு சூடோ, அதாவது ரூட் அனுமதி வேண்டும். ஃபைண்ட், ஷோ, பார்ட்ஸ்கேன் மூன்று ஆப்ஷனும் சேர்த்துக் கொடுத்து, அது திருப்பித் தரும் பெயரை ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள். லூப்0 என்று நேரடியாக எழுதினால் உபுண்டுவில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ஸ்னாப் பேக்கேஜ்கள் முன்னாடியே லூப் எண்களைப் பிடித்து வைத்திருக்கும்.

ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஈ அவசியம். ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிற்கட்டும். அதோடு ட்ராப் ஒன்றும் வையுங்கள்: ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் மவுன்ட் செய்ததை (ஃபோல்டராக இணைத்ததை) அன்மவுன்ட் செய்து, லூப்பையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நின்ற ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு லூப் தொங்கிக்கொண்டே இருக்கும்.

படி 4: முதல் பார்ட்டிஷனுக்கு ஃபேட்32, இரண்டாவதற்கு ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். மவுன்ட் செய்து, அடிப்படை லினக்ஸை நிறுவும் டெபூட்ஸ்ட்ராப் ஓட்டுங்கள், கெர்னலையும் போடுங்கள். எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைலில் எஸ்டிஏ2 போன்ற பெயர் வேண்டாம், ப்ளாக்ஐடி காட்டும் யுயுஐடியை (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) எழுதுங்கள். ஒரு மெஷினில் சாட்டா, இன்னொன்றில் என்விஎம்ஈ வகை டிஸ்க் இருந்தால் பெயர் மாறும், யுயுஐடி மாறாது. பூட் லோடரான க்ரப்பை நிறுவும்போது ரிமூவபிள் ஆப்ஷன் கொடுங்கள். பூட் பதிவு சாதாரணமாக மதர்போர்டின் நினைவகத்தில்தான் உட்காரும். டிஸ்க்கை நகலெடுத்தால் அது கூட வராது.

கடைசியாக எட்சி ஃபோல்டரில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலைக் காலி செய்யுங்கள். அழித்துவிட வேண்டாம், காலி மட்டும். நாற்பது மெஷினுக்கும் ஒரே ஐடி இருந்தால், சில அமைப்புகளில் எல்லாம் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும்.

படி 5: எழுதுவது. இமேஜை டிஸ்க்கில் எழுதும் டிடி கட்டளைக்கு டிஸ்க்கின் பெயரை பை-ஐடி ஃபோல்டரிலிருந்து எடுங்கள். அதில் மாடலும் சீரியல் எண்ணும் இருப்பதால் தவறான டிஸ்க்கில் கை வைக்கும் வாய்ப்பு குறைவு. சாரல் காலத்தில் அம்பை, தென்காசிப் பக்கம் கரண்ட் போய் பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம், முதலிலிருந்து மறுபடி எழுதினால் சரி.

256 ஜிபி டிஸ்க்கில் எழுதியதும், ஜிபிடியின் மாற்றுப் பிரதி டிஸ்க்கின் முடிவில் இல்லை என்று கெர்னல் முணுமுணுக்கும். ஜிபிடி தன் அட்டவணையைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருக்கும்; நம்முடையதோ 8 ஜிபியிலேயே முடிந்துவிட்டது. எஸ்ஜிடிஸ்க் -ஈ அதைக் கடைசிக்கு நகர்த்தும். அப்புறம் க்ரோபார்ட் இரண்டாவது பார்ட்டிஷனை நீட்டும், ரீசைஸ்2எஃப்எஸ் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை நீட்டும். மூன்றையும் முதல் பூட்டில் தானாக ஓடும்படி வைத்துவிட்டால், 120 ஜிபி டிஸ்க்குக்கும் 256 ஜிபி டிஸ்க்குக்கும் அதே இமேஜ் போதும்.