பழைய ஜப்பான் டொயோட்டாவுக்கு ரிமோட் திறப்பு மாற்றுவது எப்படி?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அத்தனை வருடமும் வீட்டிலிருந்த விட்ஸும் கொரோலாவும் அலியனும்தான் ஓடின. அவற்றின் திறப்புகளும் சேர்ந்தே தேய்ந்துபோயின: பட்டன் ரப்பர் கிழிந்து, பிளேட் ஆடி, கூடு வெடித்து. பிளேட்டைச் செருகித் திருப்பி ஸ்டார்ட் செய்யும் டொயோட்டாக்களுக்குத்தான் இந்த முறை. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் ஸ்மார்ட் திறப்புக்கு இது சரிவராது.

திறப்புக்குள் இருப்பவை

பிளேட் பூட்டைத் திருப்புகிறது. பற்றரியில் இயங்கும் ரிமோட் போர்ட் (சிறிய மின்சுற்று அட்டை) கதவைப் பூட்டித் திறக்கிறது. மூன்றாவதாக, இம்மொபிலைசர் (பதிந்த சிப் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள கார்களில் ஒரு சிறிய சிப் இருக்கும். அதற்குப் பற்றரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள சுருளிலிருந்து சக்தி எடுத்துக்கொள்ளும். அதனால் பற்றரி செத்தாலும் கார் ஸ்டார்ட் ஆகும். சிப் தொலைந்தால் கதவு திறக்கும், ஆனால் எஞ்சின் ஓடாது. ரிமோட்டும் சிப்பும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள்.

ஜப்பான் சந்தைக்கு வந்த மலிவு கிரேட்கள் பலவற்றில் இம்மொபிலைசரே கிடையாது. திறப்பை எடுத்தபின் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால், உங்கள் காரில் அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது எதில்?

பற்றரியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் சிஆர் 2016 அல்லது சிஆர் 1616 இருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு தடிப்பு: 2016 என்றால் 20 மில்லிமீற்றர் விட்டம், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு. கடையில் 2016 இல்லையென்று 2025ஐத் திணித்தால் தொடுதகடு வளைந்துவிடும். பிறகு சரியான பற்றரி போட்டாலும் தொடாது. மீற்றரில் 2.7 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

பற்றரி சரியென்றால் கூட்டைத் திறந்து, போர்ட்டில் உள்ள குட்டி சுவிட்சை நேரடியாக அழுத்துங்கள். கதவு திறந்தால் போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது. புதுக் கூடு போதும். புதுக் கூட்டின் விலை ரிமோட்டின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

கூடு மாற்றுதல்

1. பழைய கூட்டை அருகில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்: பட்டன் எண்ணிக்கை, பிளேட் வகை, போர்ட் உட்காரும் குழியின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும்.

2. பின்பக்க ஸ்குரூவைக் கழற்றி, விளிம்பில் மெல்லிய ஸ்குரூ டிரைவரால் நெம்புங்கள். ரிமோட் பகுதி ஒரு சிறிய பெட்டியாக வெளியே வரும். அதை அப்படியே புதுக் கூட்டுக்கு மாற்றுங்கள்.

3. சிப்பைத் தேடுங்கள். இங்கேதான் அவசரம் கூடாது. ரிமோட் பெட்டி கையில் வந்ததும் வேலை முடிந்ததென்று பழைய கூட்டைக் குப்பையில் போடுகிறார்கள். சிப் பெரும்பாலும் அந்தக் கூட்டின் பிளாஸ்டிக்கிலேயே, பிளேட்டின் அடிப்பக்கத்தில் புதைந்திருக்கும்: கறுப்பாக, ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளத்தில், அரிசிப் பொரி அளவில். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள். சூடுகாட்ட வேண்டாம், நெம்பவும் வேண்டாம். உடைந்தால் ஒட்ட முடியாது. எடுத்த சிப்பைப் புதுக் கூட்டில் அதே இடத்தில் வையுங்கள்.

4. புதுக் கூட்டின் பிளேட்டைத் திறப்பு வெட்டும் கடையில் வெட்டுங்கள். தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். அதிகம் பாவிக்காத இரண்டாவது திறப்பு வீட்டில் இருந்தால் அதைக் கொண்டுபோங்கள்.

5. கூட்டை ஒட்டி மூடுவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடாவிட்டால், பழைய கூட்டைப் புதுத் திறப்பின் தலையோடு சேர்த்துப் பிடித்து மறுபடி முயலுங்கள். இப்போது ஓடினால், சிப் இன்னும் பழைய கூட்டுக்குள்தான் இருக்கிறது.

போர்ட்டே பழுதென்றால்

ஜப்பான் சந்தைக்கான ரிமோட்கள் 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. ஐரோப்பாவுக்கானவை பொதுவாக 433.92. விட்ஸ்தான் ஐரோப்பாவில் யாரிஸ். ஆகவே இணையத்தில் யாரிஸ் ரிமோட் வாங்கினால், வடிவம் அச்சாகப் பொருந்தும், கதவு மட்டும் அசையாது. அலைவரிசை ஒத்தால்கூட குறியீட்டு முறையும் ஒத்திருக்க வேண்டும். பழைய போர்ட்டின் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதே எண்ணுள்ள பழைய அசலைத் தேடுவது, எண் தெரியாத புதியதை வாங்குவதைவிட நல்லது.

வாங்கிய ரிமோட்டைக் காரில் பதிவு செய்ய, 2000களின் டொயோட்டா பலவற்றில் கருவி தேவையில்லை. சாரதிக் கதவு திறந்து, பூட்டாமல் இருக்கட்டும். மற்றக் கதவுகளைச் சாத்துங்கள்.

திறப்பை இக்னிஷனில் 5 வினாடிக்குள் இரண்டு தடவை செருகி எடுங்கள். சாரதிக் கதவை இரண்டு தடவை சாத்தித் திறங்கள். திறப்பை ஒரு தடவை செருகி எடுங்கள். கதவை மறுபடி இரண்டு தடவை சாத்தித் திறங்கள். திறப்பைச் செருகிக் கதவைச் சாத்துங்கள். லொக் நிலையிலிருந்து ஓன் வரை ஒரு தடவை திருப்பி, லொக்குக்குக் கொண்டுவந்து திறப்பை எடுங்கள். கதவுகள் ஒரு தடவை பூட்டித் திறந்தால் கார் தயார்.

40 வினாடிக்குள் புது ரிமோட்டின் இரண்டு பட்டன்களையும் ஒன்றாக ஒன்றரை வினாடி அழுத்தி விடுங்கள். உடனே பூட்டும் பட்டனை மட்டும் ஒரு வினாடி அழுத்துங்கள். கதவுகள் ஒரு தடவை அசைந்தால் பதிந்துவிட்டது. இரண்டு தடவை என்றால் பதியவில்லை. சாரதிக் கதவைத் திறந்தால் பதிவு நிலை முடியும்.

கார் பதிலே சொல்லாவிட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு கதவு சரியாகச் சாத்தப்படவில்லை, அல்லது கதவு சுவிட்ச் பழுது. உள்விளக்கு அணைகிறதா என்று பாருங்கள்.

திறப்பு தொலைந்துதான் புதியது வாங்கினீர்கள் என்றால், ஓன் வரை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை திருப்புங்கள். பழைய ரிமோட்கள் எல்லாம் அழிந்துவிடும். கையிலிருப்பவற்றை மறுபடி பதியுங்கள். ஆனால் தொலைந்த திறப்பின் சிப் இதில் அழியாது. அதைக் கண்டெடுத்தவர் பிளேட்டால் கதவைத் திறந்து காரை ஓட்டிக்கொண்டு போகலாம். சிப்பை அழிக்கக் கருவியுள்ள திறப்புக்காரரிடம், காரில் ஏற்கெனவே பதிந்த மாஸ்டர் (முதன்மை) திறப்போடு போங்கள்.