மென்னோனைட் பண்ணை வாசலில் காய்கறி வாங்கப் போகிறீர்களா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ நகரத்தைத் தாண்டி எல்மைரா, ஹாக்ஸ்வில், வாலன்ஸ்டீன் பக்கம் போனால், மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பண்ணை வீடுகளின் வாசலில் கையால் எழுதிய பலகைகள் தெரியும். முட்டை, சோளம், உருளைக்கிழங்கு, மேப்பிள் சிரப் என்று இருக்கும். அதன் கீழேயே இன்னொரு வரியும் இருக்கும்: ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை. அந்த வரியைக் கவனிக்காமல், நமக்கு லீவு கிடைப்பதே ஞாயிறுதானே என்று டொராண்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, காலி மேசையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலர். புனித வெள்ளியன்றும், ஈஸ்டர் நாளையும் சேர்த்து 40-ஆம் நாள் வரும் வியாழக்கிழமையன்றும்கூடப் பல வீடுகளில் கடை இருக்காது. சனிக்கிழமை காலையில் போய்விடுங்கள்.

இவர்களில் பழைய முறை மென்னோனைட்டுகள் என்ற பிரிவினர் இன்றும் கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டியில்தான் போகிறார்கள். இவர்களுடைய முன்னோர்கள் 1800-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர்கள். வீட்டில் பேசுவது ஒரு வகை ஜெர்மன். எளிமையான வாழ்க்கை என்பதால், விளைவது எல்லாம் இயற்கை விவசாயம்தான் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். அது சரியல்ல. பூச்சிமருந்து அடிக்கிறவர்களும் உண்டு, அடிக்காதவர்களும் உண்டு. தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள், நேராகவே பதில் சொல்வார்கள்.

செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தையையும் பண்ணை வாசல் கடையையும் ஒன்றாக நினைப்பது அடுத்த குழப்பம். வியாழனும் சனியும் கூடுகிற அந்தப் பெரிய சந்தை எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே வாழைப்பழமும் ஆரஞ்சும் அடுக்கியிருக்கிற கடைக்காரர், அவற்றை வேறெங்கோ மொத்தமாக வாங்கி வந்து விற்கிறார். ஒன்டாரியோ மண்ணில் அவை விளையாது. “இது உங்கள் தோட்டத்தில் விளைந்ததா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பருவம் தெரியாமல் போவதுதான் மிகப் பெரிய இழப்பு. மே மாதத்தில் அஸ்பாரகஸும் ருபார்பும், ஜூனில் ஸ்ட்ராபெரியும் வரும். சோளத்துக்கு ஜூலைக் கடைசி வரை பொறுக்க வேண்டும். ஆகஸ்டில் தக்காளி குவியும். அக்டோபரில் வாசலெங்கும் ஆரஞ்சு நிறப் பூசணிகள் நிற்கும். அவற்றில் பெரியவை ஹாலோவீனுக்கு முகம் செதுக்குவதற்கானவை, நாரும் நீருமாக இருக்கும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் பக்கத்திலேயே இருக்கும் பட்டர்நட் ஸ்குவாஷை எடுங்கள். நம் பரங்கிக்காய்க்கு நெருக்கமான ருசி அதுதான்.

சோளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தும் சுரைக்காயில் நகம் பதித்தும் பார்த்து வாங்கிய கை நம்முடையது. அதே பழக்கத்தில் சோளத்தின் தோலை உரித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிடுகிறோம். உரித்த கதிர் சீக்கிரம் காய்ந்துவிடும், அப்புறம் அதை யாரும் எடுக்கமாட்டார்கள். நஷ்டம் அந்தக் குடும்பத்துக்கு. தோல் பச்சையாகவும் நுனிக் குஞ்சம் பழுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். தோலுக்கு மேலேயே விரலால் அழுத்தினால் நுனி வரை மணி நிரம்பியிருப்பது தெரிந்துவிடும். பறித்த நேரத்திலிருந்தே சோளத்தின் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது, வெயிலில் இன்னும் வேகமாக. அதனால் காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றாதீர்கள். ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், அன்றைக்கே வேகவையுங்கள்.

விலை மலிவாக இருக்கிறதே என்று அள்ளுவதும் வேண்டாம். ஒரு புஷல், அதாவது ஒரு பெரிய கூடை அளவு தக்காளி 20 கிலோவைத் தாண்டும். தொக்கு கிளறப் பெரிய பாத்திரமும் பங்கு போட இரண்டு வீடும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பணத்தில் இரண்டு விஷயம். பல வாசல்களில் ஆளே இருக்கமாட்டார்கள். மேசையில் காய்கறியும் பக்கத்தில் ஒரு பெட்டியும் மட்டும்தான். கார்டு செல்லாது, மீதி தரவும் யாரும் இல்லை. ஐந்து டாலர் தாள்களும் நாணயங்களும் கையில் இருக்கட்டும். சில்லறை போதவில்லையென்றால் ஒரு பொருளைக் குறைத்துக்கொள்ளுங்கள், காசைக் குறைக்காதீர்கள். ஆள் இருந்தாலும் பேரம் பேசாதீர்கள். எழுதியிருக்கிற விலைதான் விலை.

காய்ச்சாத பால் கேட்டும் நம்மில் சிலர் போகிறார்கள். வீட்டில் எப்படியும் காய்ச்சத்தானே போகிறோம் என்பது நம் நியாயம். ஆனால் ஒன்டாரியோவில் 1938 முதல் பாஸ்ச்சரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத பாலை விற்கக் கூடாது. வற்புறுத்திக் கேட்டால் சட்டத்தின் முன் மாட்டுவது அந்தக் குடும்பம்.

தொப்பியும் நீளப் பாவாடையும் அணிந்த பிள்ளைகளைப் பார்த்ததும் போனை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். படம் பிடிப்பதை அவர்கள் விரும்புவதில்லை, அதில் தற்பெருமை இருப்பதாக நினைக்கிறார்கள். பூசணியை எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்.

திரும்பும் வழியில் முதுகில் ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய குதிரை வண்டி முன்னால் போனால் ஹாரன் அடிக்காதீர்கள், குதிரை மிரண்டுவிடும். பின்னாலேயே மெதுவாகப் போய், எதிரே வண்டி வராத இடத்தில் நன்றாக விலகித் தாண்டுங்கள்.